எந்தப் பத்திரிகை யார் பக்கம்? மலேசியத் தமிழ் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் தமிழ் நாளிதழ்களில் துணையாசிரியராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ், பட்டர்வொர்த் என்று கூப்பிடும் இடங்களுக்குப் போய், செய்தியை எப்படி வாசிப்பது என்று பேசி வருகிறேன். எங்கே போனாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேட்பவர் வயதைப் பொறுத்து கோபம் மட்டும் கூடும், குறையும். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் பத்திரிகைகள் நடுநிலையாக இருந்தன, இப்போதுதான் கட்சிக்காரர்கள் கையில் சிக்கிக் கெட்டுப்போயின என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு காலம் இருந்ததே இல்லை.

1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேசன்’ தொடங்கினார். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். அன்று மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வாசகர் கூட்டம்தான். முரசு சீர்திருத்தத்தின் பக்கம் நின்றது, சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பியது. அதை அது மறைக்கவும் இல்லை. வாசகரும் தெரிந்தேதான் காசு கொடுத்து வாங்கினார். கொள்கைக்காகத்தான் அன்று பலர் பத்திரிகையே நடத்தினார்கள்.

மற்ற மொழிகளிலும் இதே நிலைதான். 1961இல் ‘உத்துசான் மெலாயு’ ஊழியர்கள் கோலாலம்பூரில் மூன்று மாதம் வேலை நிறுத்தம் செய்தார்கள். பத்திரிகையை ஆளுங்கட்சியான அம்னோ தன் கைக்குள் கொண்டுவருவதை எதிர்த்து நடந்த போராட்டம் அது. ஆசிரியர் சைட் ஸஹாரி முன்னால் நின்றார். போராட்டம் தோற்றது. அதன் பிறகு அந்தப் பத்திரிகை யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இது நடந்தது சுதந்திரம் கிடைத்த நான்கே வருடத்தில்.

அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான பத்திரிகைகள் வெளிப்படையாகவே கட்சிப் பத்திரிகைகள். செய்தியாளர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கேயே பிற்பாடு வந்ததுதான்.

அப்படியென்றால் எங்கள் அப்பா, தாத்தா எல்லாம் பத்திரிகையை ஏன் அவ்வளவு நம்பினார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லை. தோட்டத்தில் ஒரு பத்திரிகை வந்தால் அதைத்தான் பத்து வீடு மாற்றி மாற்றிப் படித்தது. வானொலி அரசாங்கத்துடையது. 1963 கடைசியில் வந்த தொலைக்காட்சியும் அரசாங்கத்துடையது. தனியார் டிவி3 வந்ததே 1984இல்தான், அதுவும் ஆளுங்கட்சிக்கு நெருக்கமானவர்கள் கையில். எல்லா இடத்திலும் ஒரே செய்தி வந்தால், சாய்வு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் வேறொன்று வந்து நிற்கும்போதுதான் “இவன் ஏன் இதை விட்டுவிட்டான்?” என்ற கேள்வி பிறக்கும்.

அமெரிக்கக் கணக்கு இதை நன்றாகவே காட்டும். காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 1970களிலிருந்து ஊடக நம்பிக்கை பற்றி மக்களிடம் கேட்டு வருகிறது. 1976இல் நூற்றுக்கு 72 பேர் ஊடகத்தை ஓரளவாவது நம்புவதாகச் சொன்னார்கள். 2016இல் அது 32 ஆனது. அந்த 32ஐப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும்: ஜனநாயகக் கட்சிக்காரர்களில் 51 விழுக்காட்டினர் நம்பினார்கள், குடியரசுக் கட்சிக்காரர்களில் 14 விழுக்காட்டினர்தான். ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே ஊடகம். நம்பிக்கையின் ஒரு பாதியைப் பார்ப்பவரின் கட்சியே முடிவு செய்துவிடுகிறது.

அந்த நாற்பது வருடத்தில் அங்கே கேபிள் தொலைக்காட்சி பெருகியது. சர்ச்சையில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்று ஒலிபரப்பாளர்களைக் கட்டுப்படுத்திய விதி 1987இல் போனது. 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. அப்புறம் இணையம். ஊடகம் மாறியதும் உண்மை, பார்ப்பவர் மாறியதும் உண்மை.

முதலாளி யார் என்பது அவ்வளவு முக்கியமா?

நம் நாட்டில் இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

‘தி ஸ்டார்’ 1971இல் பினாங்கில் பிறந்த பத்திரிகை. பிறகு ஆளுங்கூட்டணியில் இருந்த சீனர் கட்சியான ம.சீ.ச. கைக்குப் போனது. ‘உத்துசான்’ பல வருடம் அம்னோ கையில் இருந்தது. ‘நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அம்னோவுக்கு நெருக்கமான நிறுவனங்களின் கையில் இருந்தது. தமிழில் ‘நேசன்’ பல வருடம் துன் சாமிவேலுவின் குடும்பத்தோடு சேர்ந்தது. அவர் 1979 முதல் 2010 வரை, அதே கூட்டணியின் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர். ‘மக்கள் ஓசை’ அவருக்கு எதிரணியில் இருந்த டத்தோ சுப்பிரமணியத்தின் பக்கம் நிற்கும் பத்திரிகை என்றே வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் ஆதி குமணனின் ‘மலேசிய நண்பன்’ வாங்கியவர்கள் அதை அவருக்காகவே வாங்கினார்கள். ம.இ.கா. தேர்தல் வந்தால் கடையில் எந்தப் பத்திரிகை கேட்கிறார் என்பதை வைத்தே, அவர் எந்த அணி என்று கடைக்காரர் சொல்லிவிடுவார்.

முதலாளி தினமும் போன் போட்டு “இதைப் போடு, அதைப் போடாதே” என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. நான் இருந்த ஒரு மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணி இருக்கும், முதல் பக்கம் மூடும் நேரம். ஒரு தமிழ்ப்பள்ளியின் கட்டட நிதி பற்றிய செய்தி கையில் இருக்கிறது. கணக்கு எங்கே என்று பெற்றோர் கேட்கிறார்கள். நிதிக்குழுவில் இருப்பவர் நிர்வாகத்துக்கு வேண்டியவர். யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கம் கட்டுபவர் தானாகவே அதை 7ஆம் பக்கத்துக்குக் கொண்டு போனார். தலைப்பிலிருந்து “கணக்கு எங்கே” என்பதை எடுத்துவிட்டு “பெற்றோர் சந்திப்பு” என்று போட்டார். படத்துக்கும் இடமில்லை என்று விட்டார். செய்தியில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. ஆனால் மறுநாள் அதை யாரும் படிக்கவில்லை.

சார்பு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் சம்பளத்தை நினைத்து, இன்னொருவர் பிள்ளைகளை நினைத்து, பக்கத்தைக் கொஞ்சம் மாற்றி வைப்பார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பள்ளிப் பெற்றோருக்கு அன்று நியாயம் கிடைக்கவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை.

அரசாங்கத்துக்கு எந்த அளவு பிடி இருந்தது?

நிறையவே. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், பதிப்புகள் சட்டப்படி ஒவ்வொரு பத்திரிகையும் வருடா வருடம் உள்துறை அமைச்சிடம் பெர்மிட்டை, அதாவது வெளியீட்டு அனுமதியை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில் ‘லாலாங் நடவடிக்கை’ என்ற அரசாங்கக் கைது வேட்டையில் நூறு பேருக்கு மேல் கைதானபோது, ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வத்தான்’ மூன்றுக்கும் பெர்மிட் பறிபோனது. அடுத்த மார்ச் வரை அவை வரவில்லை. ஆளுங்கட்சிக் கூட்டணிக்காரர்கள் கையில் இருந்த ‘ஸ்டாரு’க்கே இந்தக் கதி என்றால் மற்றவர்கள் எப்படி எழுதுவார்கள்?

தமிழிலும் நடந்தது. 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ ஏசுநாதர் கையில் சிகரெட்டும் பீர் டின்னும் இருப்பது போன்ற படத்தை வெளியிட்டது. மன்னிப்புக் கேட்ட பிறகும் ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். படம் தவறு, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் 2008 ஏப்ரலில், பொதுத் தேர்தல் முடிந்த கையோடு, அதே பத்திரிகைக்குப் பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, மேல்முறையீடு செய்த பிறகுதான் திரும்பக் கொடுத்தார்கள். தேர்தல் நேரத்தில் எதிர்க்கட்சிச் செய்திகளுக்கு அது இடம் கொடுத்ததுதான் காரணம் என்று அன்று பலர் பேசிக்கொண்டார்கள்.

2012இல் வருடாந்தரப் புதுப்பிப்பை எடுத்துவிட்டார்கள். பெர்மிட் என்ற ஏற்பாடு மட்டும் இன்னும் இருக்கிறது.

நம் ஆட்கள் பத்திரிகை மேல் நம்பிக்கை இழந்தது எப்போது?

மலாய்க்காரர்களில் பலருக்கு அது 1998. துணைப் பிரதமர் அன்வார் பதவி நீக்கப்பட்ட செப்டம்பரிலிருந்து தெருவில் நடந்ததும் இரவுச் செய்தியில் வந்ததும் வேறு வேறாக இருந்தன. மறு வருடம் நவம்பரில் ‘மலேசியாகினி’ செய்தித் தளம் இணையத்தில் தொடங்கியது. தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்க்கும் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்துக்காக இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று அரசாங்கம் கொடுத்திருந்த வாக்குறுதிதான் அதற்கு இடம் கொடுத்தது.

நமக்கு அது 2007 நவம்பர் 25. இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் அமைப்பின் பேரணி நாள்.

முந்திய இரவே பத்து மலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. காலையில் ஜாலான் அம்பாங் பக்கம் தண்ணீர் பீய்ச்சினார்கள், கண்ணீர்ப்புகை போட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் 10 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரம் வரை வேறு வேறு கணக்குகள். போனவர்கள் வீட்டுக்கு வந்து கண் எரிச்சலோடு தொலைக்காட்சியைப் போட்டால், அங்கே போக்குவரத்து நெரிசல், சட்டவிரோதக் கூட்டம், கடைக்காரர்களுக்கு நஷ்டம் என்றுதான் பெரும்பாலும் போனது. ஏன் இத்தனை ஆயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்ட குரல் மிகக் குறைவு.

தான் நின்ற இடத்தைப் பற்றியே தவறாகச் சொல்வதைப் பார்க்கும்போது வரும் கோபம் வேறு மாதிரி. வாசகர் அதற்கு முன்பும் சந்தேகப்பட்டார்தான். அந்த நாளில் அவரே சாட்சியாக இருந்தார். அதற்குப் பிறகு எந்தச் செய்தியைப் பார்த்தாலும் “அன்றைக்கு இப்படித்தானே சொன்னார்கள்” என்ற நினைப்பு கூடவே வரும். 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளுங்கூட்டணியான தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது, பினாங்கு எதிர்க்கட்சிகள் கைக்கு மாறியது, சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். அச்சுப் பத்திரிகைகளை மட்டும் படித்திருந்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. எஸ்எம்எஸ்ஸும் பிளாக்குகளும் படித்தவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

ஒரே விஷயத்தை இரண்டு பத்திரிகை இரண்டு விதமாக எழுதினால், ஒன்று பொய்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பினாங்குக்காரர்கள் மறக்காத ஒன்று: குளுகோர் பக்கம் இருந்த கம்போங் புவா பாலா.

மாடு வளர்த்த தமிழ்க் குடும்பங்கள், இருபதுக்கும் மேல். தங்கள் முன்னோர் பிரவுன் தோட்டத்து வேலையாள்கள், நிலம் தங்களுக்கு விடப்பட்டது என்பது அவர்கள் வாதம். அந்த நிலத்தை அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது பழைய தேசிய முன்னணி மாநில அரசு. நில மாற்றம் பதிவானதோ 2008 மார்ச் கடைசியில், புதிய அரசு வந்து மூன்று வாரத்துக்குள். குடியிருந்தவர்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இரட்டை மாடி வீடு தருகிறோம் என்று பேச்சு நடந்தது, சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் நிலம்தான் வேண்டும் என்றார்கள். 2009 செப்டம்பரில் வீடுகளை இடித்தார்கள்.

இப்போது இதை எப்படி எழுதுவீர்கள்?

“நிலத்தை விற்றது முந்திய அரசு, இன்றைய அரசு வீடு வாங்கித் தந்தது” என்று எழுதலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் உண்டு. “உரிமை கை மாறியது இந்த அரசின் காலத்தில், தமிழன் ஓட்டால் வந்தவர்கள் தமிழன் வீட்டை இடிக்க விட்டார்கள்” என்றும் எழுதலாம். அதற்கும் ஆதாரம் உண்டு. முதலாவதில் அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் பேசுவார், கூடவே புது வீட்டின் வரைபடம் இருக்கும். இரண்டாவதில் மண்வாரி இயந்திரத்தின் முன்னால் அழும் பாட்டி இருப்பார். அந்தப் பாட்டி உண்மை. அந்த வரைபடமும் உண்மை.

ஆக, சார்பைத் தேட வேண்டிய இடம் கதை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதில். 2008 மார்ச் 8க்கு முன்னால் தொடங்கினால் பழி ஒரு பக்கம், பின்னால் தொடங்கினால் மறுபக்கம். இரண்டு தேதியையும் ஒரே பத்தியில் வைத்து எழுதியவர்கள் அன்று மிகக் கொஞ்சம். ஒரு நல்ல செய்தியாளர் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான், ஆனால் கட்சிச் சூட்டில் அது நடக்கவில்லை. இதில் அதிகம் இழந்தவர்கள் அந்தக் குடும்பங்கள். இரண்டு பக்கமும் அவர்களைத் தூக்கிப் பிடித்தது, அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை உட்கார்ந்து கேட்டு எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஆளுங்கட்சிக்காரரும் திட்டுகிறார், எதிர்க்கட்சிக்காரரும் திட்டுகிறார். எப்படி?

இதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1982இல் லெபனானில் சப்ரா, ஷத்தீலா முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். சிலர் இஸ்ரேல் ஆதரவாளர்கள், சிலர் அரபு ஆதரவாளர்கள். பார்த்தது ஒரே காட்சிகள். இரு தரப்புமே “இது எங்களுக்கு எதிரான செய்தி” என்றார்கள். வலோன், ராஸ், லெப்பர் மூவரும் 1985இல் இதை வெளியிட்டார்கள். விஷயத்தில் யாருக்கு ஈடுபாடு அதிகமோ, அவருக்குத்தான் சாய்வு அதிகமாகத் தெரிகிறது.

நானும் இதைத் தினம் பார்த்திருக்கிறேன். ஒரே செய்திக்கு ம.இ.கா. கிளைத் தலைவர் ஒருவரும் எதிர்க்கட்சியான ஜ.செ.க.வின் ஆதரவாளர் ஒருவரும் போன் போட்டு ஏசுவார்கள்.

இதைக் காட்டி “இரண்டு பேரும் திட்டினால் நாங்கள் சரியாகத்தான் எழுதுகிறோம்” என்று சில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. இரண்டு பேர் திட்டுவதற்கு, இரண்டு பக்கமும் தவறாக எழுதியதும் காரணமாக இருக்கலாம்.

மலாய், ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தியர் விஷயத்தை ஏன் கண்டுகொள்வதில்லை?

கண்டுகொள்ளும்போதும் கோணம் வேறாக இருக்கும். இங்கே இந்திரா காந்தி என்ற இந்துத் தாய் நடத்திய வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் தனியாகப் பிள்ளைகளை இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார், கைக்குழந்தையைத் தூக்கிப் போனார். 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்றது. தமிழில் அது பெரும்பாலும் ஒரு தாயின் கதை. மலாய் ஊடகத்தில் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்துக்கும் ஷரியா நீதிமன்றத்துக்கும் இடையிலான அதிகாரப் பிரச்சினை. இரண்டையும் படித்தால்தான், பக்கத்து வீட்டு மாக்சிக், அதாவது மலாய் அத்தை, ஏன் இதை வேறு மாதிரிப் பேசுகிறார் என்று புரியும். நம் ஆட்களுக்கு மூன்று மொழி தெரியும். அந்த வசதியை நாம் செய்தி வாசிப்பில் பயன்படுத்துவதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தமிழ்நாட்டு டிவி செய்திகள்?

சன் டிவி 1993, ஜெயா டிவி 1999, கலைஞர் டிவி 2007. எந்த நிலையம் எந்தக் கட்சி என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இங்கே ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்சி நிலையம் என்பது சாதாரண விஷயம். அங்கே ஒரு குடும்பம் இரண்டு நிலையத்தையும் பார்த்து ஒப்பிட்டுவிடும். இங்கே நாம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருகிறோம்.

இணையம் வந்த பிறகு நிலைமை சரியாகிவிட்டதா?

மூடி மறைப்பது கஷ்டமாகிவிட்டது. அது பெரிய லாபம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. 2018 தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் பொய்ச் செய்தி எதிர்ப்புச் சட்டம் வந்தது. ஆட்சி மாறிய பிறகு 2019இல் அதை நீக்கினார்கள். 2021 பிப்ரவரியில் வாசகர்கள் எழுதிய பின்னூட்டங்களுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் ‘மலேசியாகினி’க்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தது. சில மணி நேரத்தில் பொதுமக்கள் அந்தப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நல்ல செய்திக்கு மக்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்பவர்களுக்கு அந்த நாளை நினைவூட்டுவேன்.

அதே நேரத்தில், கட்சியை நம்பி நின்ற பத்திரிகைகள் கட்சியோடு சரிந்தன. 2018இல் தேசிய முன்னணி தோற்றது. 2019 ஜனவரி கடைசியோடு ‘தமிழ் நேசன்’ நின்றது, நூற்றாண்டுக்கு ஐந்து வருடம் மிச்சம் இருந்தபோது. அதே வருடம் அக்டோபரில் ‘உத்துசான்’ நின்றது, பிறகு வேறு கையில் திரும்ப வந்தது. நேசன் போனபோது “கட்சிப் பத்திரிகைதானே, போகட்டும்” என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது வலித்தது. சிறுகதைப் போட்டி, மாணவர் பக்கம், தோட்டத்துக் கோயில் திருவிழாச் செய்தி, மரண அறிவிப்பு எல்லாம் அதோடு போயின. அவற்றுக்குக் கட்சி கிடையாது.

தலைவர்களுக்குப் பக்கம் பக்கமாகப் பிறந்தநாள் வாழ்த்து வருகிறதே, அதுவும் சார்புதானா?

விளம்பரம். ஆனால் யார் வருடம் முழுக்க முழுப்பக்க வண்ண விளம்பரம் கொடுக்கிறாரோ, அவரைப் பற்றிய கசப்பான செய்தி எங்கே வருகிறது என்று கவனியுங்கள்.

எல்லாமே திட்டமிட்ட சார்புதானா?

இல்லவே இல்லை. தமிழ் நாளிதழ்களின் மிகப் பெரிய பிரச்சினை ஆள் பற்றாக்குறை. ஒரு நிருபர் காலையில் நீதிமன்றம், மதியம் தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழா, மாலையில் அமைச்சர் நிகழ்ச்சி என்று ஓடுவார். சம்பளம் குறைவு. அமைச்சர் அலுவலகம் அறிக்கையைத் தமிழிலேயே எழுதி, படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும். எதிர்த் தரப்பில் அப்படி எழுதித் தர ஆள் இருக்காது. போன் போட்டால் எடுக்கவும் மாட்டார்கள். பக்கம் மூட வேண்டும். மறுநாள் வாசகருக்குத் தெரிவது “ஒரு பக்கச் செய்தி”.

வாசகர் கண்ணுக்குச் சார்பும் சோர்வும் ஒரே மாதிரித்தான் தெரியும். திருத்தும் வழி மட்டும் வேறு. சார்பைக் கேள்வி கேட்டுத் திருத்தலாம். ஆள் இல்லாத குறைக்கு, சந்தா கட்டுவதைத் தவிர வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, ஒரு செய்தியில் சாய்வு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். ஒரே நாளின் இரண்டு தமிழ்ப் பத்திரிகை, ஒரு மலாய்ப் பத்திரிகை, ஒரு இணையதளம், எல்லாவற்றிலும் வந்த ஒரே செய்தி. ஒரு பென்சில் போதும்.

முதலில் செய்தியில் பேசுகிறவர்களின் பெயரைக் கோடிடச் சொல்வேன். ஒரே ஆள் ஆறு பத்தி பேசியிருந்தால் அது அறிக்கை. குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் எங்கே இருக்கிறது? கடைசிப் பத்தியில் “கருத்துப் பெற முயன்றோம்” என்று இருந்தால், முயன்றது எப்போது? பிறகு படம். கூட்டத்தை மேலிருந்து எடுத்தார்களா, மேடைக்கு முன்னால் நெருக்கி எடுத்தார்களா? பாதி காலியான மண்டபத்தையும் நிறைந்ததாகக் காட்டலாம். நான் சொன்ன அந்தத் தேதிக் கணக்கையும் பார்க்க வேண்டும்: கதை எங்கே தொடங்குகிறது?

இதெல்லாம் வந்த செய்தியை அளக்கும் வழி. வராத செய்தியைப் பிடிப்பதுதான் கடினம். அதற்கு ஒரு வாரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். திங்கட்கிழமை பெரிதாக வந்த குற்றச்சாட்டு வெள்ளிக்கிழமை என்ன ஆனது? கைது என்று முதல் பக்கத்தில் வந்தவர் விடுதலையானபோது எந்தப் பக்கத்தில் வந்தார்? என் அனுபவத்தில் பெரிய சாய்வுகள் எல்லாம் இந்த மௌனத்தில்தான் இருந்தன.

சார்புள்ள பத்திரிகையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்த பத்திரிகையைத் தெரிந்தே படிக்கலாம், அதில் ஆபத்தில்லை. முரசு வாசகர் அன்று அப்படித்தான் படித்தார். முகம் தெரியாத ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரிக்கு முதலாளியும் தெரியாது, முகவரியும் தெரியாது, நாளைக்குத் திருத்தமும் வராது. “எல்லாரும் பொய்யர்கள்” என்று சொல்லிப் பத்திரிகையை விட்டவர்கள் பலர் இப்போது அந்த வரிகளைத்தான் நம்புகிறார்கள். இதுதான் எனக்கு இன்று மிகப் பெரிய கவலை.

குடும்பக் குழுவில் பெரியப்பா இப்படி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். என்ன சொல்வது?

குழுவில் எல்லார் முன்னாலும் “இது பொய்” என்று போடாதீர்கள். வயதானவரைப் பத்துப் பேர் நடுவில் மடக்கினால் அவர் இன்னும் இரண்டு அனுப்புவார். தனியாகக் கூப்பிட்டு, “பெரியப்பா, இது எந்தப் பேப்பர்ல வந்துச்சு? நானும் படிக்கணும்” என்று கேளுங்கள். தேடிப் பார்த்து அவரே அழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புகார் செய்தால் யாராவது கேட்பார்களா?

வாசகர்களும் பத்திரிகைகளும் போய் நிற்க ஓர் ஊடக மன்றம் வேண்டும் என்ற பேச்சு இங்கே பல வருடமாக நடந்தது. 2025இல்தான் மலேசிய ஊடக மன்றச் சட்டம் வந்தது. அது எப்படி நடக்கிறது என்பது நாம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பொறுத்தது.

அதற்கு முன்னால் ஆசிரியருக்கு எழுதுங்கள். “உங்கள் பத்திரிகை கட்சிப் பத்திரிகை” என்று எழுதினால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி, அதில் எது விடுபட்டது, அதற்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் என்ன என்று ஐந்தாறு வரியில் எழுதுங்கள். பள்ளிக் கணக்கு என்றால் அந்தக் கணக்கின் நகலை வையுங்கள். கூட்டத்தில் நீங்கள் இருந்தீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், எடுத்த படத்தை அனுப்புங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் கட்டாயம் போடுங்கள். பெயரில்லாத கடிதத்தை வைத்து ஆசிரியர் யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அதே கடிதத்தோடு மன்றத்துக்குப் போங்கள்.